செக்கின் படம் யாருடையது?

இப்போது வரும் கணக்கு மென்பொருள்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து ஒரு லெட்ஜருக்குள் போய்ப் பாருங்கள். பல மென்பொருள்களில் பதிவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பேப்பர் கிளிப் படம் இருக்கும். அதைத் தட்டினால் பில், டெபாசிட் சலான், செக் என்று எது இணைக்கப்பட்டிருக்கிறதோ அதன் ஸ்கேன் படம் திரையில் விரியும். பி.காம். முதல் வருடத்திலேயே 'வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை' என்று சொல்லிச் சொல்லி நம் காதைப் புண்ணாக்கி விடுகிறார்கள். அந்த வவுச்சர்தான் இப்போது படமாக மாறி லெட்ஜரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் என்ன வரலாறு இருக்கிறது, யாரோ ஒரு புரோகிராமர் ஒரு பட்டன் வைத்தார், அவ்வளவுதானே என்று நினைத்தால், அதுதான் இல்லை.

இந்தக் கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடி, 1920களின் நியூயார்க்கில் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு கள்ளச்சாராய ஆலை வருகிறது, தீ விபத்து வருகிறது, இரண்டு நாட்டு உச்ச நீதிமன்றங்கள் வருகின்றன. பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அமெரிக்க பேங்குகளின் ஒரு பழைய பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒருவருக்கு செக் கொடுக்கிறீர்கள். அவர் தன் பேங்கில் போடுகிறார். அது சுற்றிச் சுற்றி உங்கள் பேங்குக்கு வந்து பணம் பட்டுவாடா ஆகிறது. அதற்கப்புறம் அந்த செக் என்ன ஆகும்? நம் ஊரில் அது பேங்கிலேயே கட்டுக் கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் அதை மாதாந்திர ஸ்டேட்மெண்டோடு சேர்த்து உங்களுக்கே திருப்பி அனுப்பி விடுவார்கள். பணம் கொடுத்ததற்கு உங்கள் கையிலேயே அத்தாட்சி. வாடிக்கையாளருக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் பேங்கின் கையில் மிச்சம் இருப்பது லெட்ஜரில் ஒரு வரி மட்டும்தான். 'நான் அந்த செக்கைக் கொடுக்கவே இல்லை' என்று நாளை யாராவது வந்து நின்றால், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜார்ஜ் மெக்கார்த்தி என்ற நியூயார்க் பேங்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 'செக்கோகிராஃப்' என்ற இயந்திரத்துக்கு 1925ல் பேடண்ட் வாங்கினார். செக்குகள் ஒரு ஓடும் பட்டையின் மேல் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். செக் நகரும் வேகத்துக்கு ஏற்ற மாதிரி கேமராவுக்குள் ஃபிலிமும் நகரும். இரண்டும் இசைந்து ஓடுவதால் படம் கலங்காது, ஒவ்வொரு செக்குக்கும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்க வேண்டியதும் இல்லை. 1928ல் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனம் இதை வாங்கி, 'ரெக்கார்டாக்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. ஒரு நாள் செக் முழுவதும் 16 மில்லிமீட்டர் அகல ஃபிலிம் சுருளுக்குள் அடங்கிவிடும். செக் வாடிக்கையாளருக்குப் போகும், அதன் படம் பேங்கிலேயே தங்கும்.

(ஆவணங்களைப் பொடிப் பொடியாகப் படம் எடுப்பது அப்போது புதிது இல்லை. 1870-71ல் ஜெர்மன் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது, ரெனே டாக்ரோன் என்பவர் கடிதங்களைச் சின்னஞ்சிறு ஃபிலிமாக்கிப் புறாக்காலில்... மன்னிக்கவும், புறாவின் வாலிறகில் கட்டி நகரத்துக்குள் அனுப்பிய கதை தனியாக ஒரு பதிவுக்கு ஆகும். மெக்கார்த்தியின் சாமர்த்தியம் சிறிதாக்கியதில் இல்லை, வேகத்தில்தான்.)

இந்த ஃபிலிமில் ஒரு தொல்லை இருந்தது. படங்கள் எல்லாம் இயந்திரத்துக்குள் போன வரிசையில்தான் இருக்கும். இவர் கணக்கு, அவர் கணக்கு என்று பிரிந்து இருக்காது. ஒருவருடைய செக்கைத் தேட வேண்டுமென்றால் லெட்ஜரில் தேதியைப் பார்த்து, அந்தத் தேதிச் சுருளை எடுத்து, ரீடரில் போட்டு ஓட்டித்தான் தேட வேண்டும். அதாவது படம் இருந்தது, ஆனால் கணக்கோடு ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அடுத்த கேள்வி கோர்ட்டில் வந்தது. சாட்சியச் சட்டம் எந்த நாட்டிலும் மூலப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்கும். நகல் என்றால் 'மூலம் எங்கே, ஏன் கொண்டுவரவில்லை' என்று கேட்கும். ஃபிலிமில் எடுத்துவிட்டோம் என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டால், பிறகு கோர்ட்டில் எதைக் காட்டுவது? அமெரிக்காவில் 1949ல் இதற்கென்றே ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். வழக்கமான தொழில் நடைமுறையில் எடுத்த, மூலத்தைத் துல்லியமாகக் காட்டுகிற புகைப்பட நகல், மூலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூலத்துக்குச் சமம் என்றது அது. 1951ல் மத்திய அரசும் அதே போலச் சட்டம் செய்தது. 'வழக்கமான தொழில் நடைமுறையில்' என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். வழக்கு வந்த பிறகு அவசரமாக எடுத்த படத்துக்கு அந்த மரியாதை இல்லை. எல்லாவற்றையும், எல்லா நாளும், யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லாத நேரத்தில் எடுத்ததால்தான் அது சாட்சி. நாம் அன்றன்றைக்கு வவுச்சர் போடுவதற்கும் வருஷக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகத் 'தயாரிப்பதற்கும்' உள்ள வித்தியாசம் இதுதான்.

அதுவரை படம் எடுப்பதா வேண்டாமா என்பது பேங்கின் விருப்பம். 1960களின் கடைசியில் சில பெரிய பேங்குகள் செலவு கட்டுப்படியாகவில்லை என்று இதைக் குறைக்கவும் நிறுத்தவும் ஆரம்பித்தன. குற்ற வழக்குகளிலும் வரி வழக்குகளிலும் அந்த ஃபிலிம் சுருள்களை நம்பியிருந்த அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 1970ல் ஒரு சட்டம் வந்தது. பேங்குகள் வாடிக்கையாளர்களின் செக்குகளைப் படமெடுத்து வைத்தே ஆக வேண்டும், அரசாங்கத்தின் விசாரணைகளுக்கு அவை பயன்படும் என்று சொன்ன அந்தச் சட்டத்துக்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'பேங்க் ரகசியச் சட்டம்'. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு நிச்சயம் அதிகம். கலிபோர்னியா பேங்கர்கள் சங்கம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1974ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது.

1972 டிசம்பர் 18. ஜார்ஜியா மாநிலத்தில், கிடைத்த ஒரு துப்பை வைத்து ஒரு ஷெரீஃப் அதிகாரி ஒரு வண்டியை நிறுத்துகிறார். உள்ளே சாராயம் காய்ச்சும் சாமான்களும் மூலப்பொருட்களும். மூன்று வாரம் கழித்து, 1973 ஜனவரி 9 அன்று, கேத்லீன் என்ற ஊரில் மில்லர் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கிடங்கில் தீப்பிடிக்கிறது. அணைக்கப் போனவர்கள் உள்ளே பார்த்தால் 7,500 கேலன் கொள்ளளவுள்ள வடிப்பாலை, பக்கத்தில் வரி கட்டாத 175 கேலன் விஸ்கி. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டது யாரோ, பாவம், நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டிருப்பார்.

மில்லருக்கு இரண்டு பேங்கில் கணக்கு. இரண்டுக்கும் சம்மன் போகிறது. அது கூட நீதிபதி பார்த்துக் கொடுத்த சம்மன் இல்லை. கோர்ட் கிளார்க் வெற்றாகக் கொடுத்ததை அரசு வழக்கறிஞர் அலுவலகம் நிரப்பி அனுப்பியது. பேங்குகள் மில்லரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பேங்கில் அதிகாரியை உட்கார வைத்து மில்லர் கணக்கின் மைக்ரோஃபிலிமைக் காட்டினார்கள், ஒரு டெபாசிட் சலானும் ஒன்றிரண்டு செக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு பேங்க் இன்னும் தாராளம். எல்லா செக்குகள், எல்லா டெபாசிட் சலான்கள், மாத ஸ்டேட்மெண்டுகள் என்று நகல்கள் போயின.

ஒரு அதிகாரி ரீடர் முன்னால் உட்கார்ந்து, இன்னொருவருடைய கணக்கோடு சேர்ந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இன்றைக்கு நாம் பேப்பர் கிளிப்பைத் தட்டிப் பார்க்கிறோமே, அதே காரியம்தான். அதனால்தான் இந்த வழக்கில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

'என் காகிதங்களை என்னைக் கேட்காமல் எப்படிப் பார்க்கலாம்' என்று மில்லர் கேட்டார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை, மேல்முறையீட்டில் மில்லருக்குச் சாதகம், கடைசியில் 1976 ஏப்ரல் 21ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராக, ஏழுக்கு இரண்டு. நீதிபதி பவல் எழுதிய தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். இவை மில்லரின் சொந்தக் காகிதங்கள் இல்லை, பேங்கின் தொழில் பதிவேடுகள். செக் என்பது அந்தரங்கக் கடிதமும் இல்லை, பல கை மாறுகிற வணிகப் பத்திரம். தானாக விரும்பி பேங்கிடம் கொடுத்துவிட்ட பிறகு, பேங்க் அதை அரசாங்கத்திடம் காட்டாது என்று எதிர்பார்க்க அவருக்கு உரிமை இல்லை.

மில்லர் மேல் நமக்கு அனுதாபம் வரவேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு அவரோடு நிற்கவில்லையே. ஒருவரின் ஒரு வருஷத்து செக்குகளை வரிசையாகப் பார்த்தால் எந்த டாக்டரிடம் போகிறார், எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறார், எந்த வக்கீலுக்கு ஃபீஸ் கட்டுகிறார் எல்லாம் தெரியும். லெட்ஜரில் தொகைதான் இருக்கும். ஆளும் பெயரும் கையெழுத்தும் செக்கின் படத்தில்தான் இருக்கும். எதிர்த் தீர்ப்பு எழுதிய பிரென்னனும் மார்ஷலும் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். 'தானாக விரும்பிக் கொடுத்தார்' என்கிறது தீர்ப்பு. செக்கைக் கொடுத்தார் சரி, படம் எடுக்கச் சொன்னது யார்? அரசாங்கம் 1970ல் போட்ட சட்டம்! கட்டாயப்படுத்தி எடுக்க வைத்த படத்தை, பேங்கின் சொந்தப் பதிவேடு என்று சொல்லி வாங்கிக்கொள்வது எனக்கு என்னவோ ஒரே பரிவர்த்தனையை இரண்டு பக்கமும் தனக்கு வரவாக எழுதிக்கொள்வது போலத்தான் தெரிகிறது.

அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 1978ல் தனியாக ஒரு சட்டம் செய்து, மத்திய அரசு ஒருவரின் பேங்க் பதிவேடுகளைக் கேட்கும்போது பொதுவாக அவருக்கு அறிவிப்பும், எதிர்க்க ஒரு வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்றது. விதிவிலக்குகள் நிறைய.

இது நம் ஊருக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1986ல் ஆந்திரப் பிரதேச அரசு, இந்திய முத்திரைத்தாள் சட்டத்தின் 73ஆம் பிரிவைத் தன் மாநிலத்துக்கு மட்டும் திருத்தியது. முத்திரைத்தீர்வை ஏய்ப்பைப் பிடிக்க, கலெக்டர் அனுமதி கொடுத்த 'எந்த நபரும்' எந்த இடத்துக்குள்ளும் போய் ஆவணங்களைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், பறிமுதலும் செய்யலாம். அந்த இடங்களில் பேங்கும் அடக்கம். வாடிக்கையாளர்கள் கடனுக்காகக் கொடுத்து வைத்த பத்திரங்களை அதிகாரிகள் பார்க்க வந்தபோது பேங்குகள் கோர்ட்டுக்குப் போயின. மாவட்டப் பதிவாளர், ஐதராபாத் எதிர் கனரா பேங்க் என்பது வழக்கின் பெயர். 2004 நவம்பர் 1ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் மில்லர் வழக்கை எடுத்து அலசி, அமெரிக்காவிலேயே அதற்கு வந்த விமர்சனங்களையும் பார்த்துவிட்டு, நாங்கள் அந்த வழியில் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தரங்கம் என்பது இடத்தைப் பொறுத்தது இல்லை, மனிதரைப் பொறுத்தது. வீட்டு அலமாரியில் இருந்தால் அந்தரங்கம், பேங்க் அலமாரிக்கு நகல் போனால் அம்பலம் என்று ஆகிவிடாது. காரணத்தை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் கூட இல்லாமல் யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்க வைக்கும் அந்தத் திருத்தம் செல்லாது. 2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பிலும் இந்த வழக்கு பேசப்பட்டிருக்கிறது. மில்லரின் சாராய ஆலைக்கும் நம் தனியுரிமைக்கும் இப்படி ஒரு தொடர்பு!

சரி, சட்டத்தை விட்டுவிட்டு மறுபடி இயந்திரத்துக்கு வருவோம்.

ஃபிலிம் சுருளில் இருந்த படம் கணக்கோடு ஒட்டிக்கொள்ள மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, செக்கை இயந்திரமே படிக்க வேண்டும். 1950களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலையின் பலன்தான் செக்கின் அடியில் காந்த மையில் அச்சாகும் அந்த விநோத எழுத்துக்கள், அதாவது எம்.ஐ.சி.ஆர். இரண்டு, படத்தைக் கோப்பாகச் சுருக்க வேண்டும். இந்த வேலையை ஃபேக்ஸ்காரர்கள் செய்து கொடுத்தார்கள். 'குரூப் 4' என்ற ஃபேக்ஸ் சுருக்க முறை 1984லும், ஸ்கேனர்களுக்காக ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிஃப்' கோப்பு வடிவம் 1986லும் வந்தன. மூன்றாவது டிஸ்க் விலை குறைவது. அது தானாக நடந்தது.

இதற்கிடையில் கிரெடிட் கார்டுக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டுகளை எல்லாம் மாத பில்லோடு சேர்த்து அனுப்புவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கம். இதற்கு 'கன்ட்ரி கிளப் பில்லிங்' என்று பெயர். 1980களில் சீட்டுகளுக்குப் பதிலாக அவற்றை ஸ்கேன் செய்து, குட்டிக் குட்டிப் படங்களாக பில்லோடு அச்சிட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். யாருடைய கணக்கோ அவருடைய பில், அதற்குக் கீழே அவருடைய சீட்டுகளின் படம். கணக்கும் படமும் ஒரே இடத்தில் சேர்ந்தது இப்படித்தான்.

நம் மாதிரி கணக்குப் படிப்பவர்களுக்கு முக்கியமான வருஷம் 1997. அமெரிக்க வருமான வரித்துறை ஒரு விதி வெளியிட்டது. கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம், முறை சரியாக இருந்தால் காகிதத்தை அழித்தும் விடலாம். ஆனால் சும்மா ஒரு ஃபோல்டரில் கொட்டி வைத்தால் போதாது. பொது லெட்ஜரிலிருந்து மூல ஆவணம் வரை தடம் பிடித்துப் போகும்படி குறுக்குக் குறிப்பு இருக்க வேண்டும். அட, நம் பேப்பர் கிளிப் செய்வது இதைத்தானே! அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. படத்தில் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் வேறொன்றாக மயங்காமல் அடையாளம் காண முடிய வேண்டும். அதோடு எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாகவும் எண்கள் சேர்ந்து முழு எண்ணாகவும் படிக்க முடிய வேண்டும். இரண்டையும் தனித்தனித் தகுதியாகச் சொல்லியிருந்தார்கள். படிக்கும்போது 'இது என்ன வெட்டி வேலை' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், இதற்கு ஒரு காரணம் பின்னால் வருகிறது.

இவ்வளவு வந்தும் 2001 வரை அமெரிக்காவில் செக்குகள் ஊர் விட்டு ஊர் விமானத்தில்தான் பறந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 11 அன்று எல்லா விமானமும் தரையிறக்கப்பட்டன. கட்டுக் கட்டாக செக்குகள் அங்கங்கே தங்கிவிட்டன. ஆனால் ஃபெடரல் ரிசர்வ் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கால அட்டவணைப்படி, செக் போட்ட பேங்குக்கு வரவு வைத்துவிடும். கொடுக்க வேண்டிய பேங்கிடம் செக் போய்ச் சேராததால் அங்கே பற்று வைக்க முடியாது. இந்த இடைவெளித் தொகைக்குப் பெயர் 'ஃப்ளோட்'. வழக்கமாக 100 கோடி டாலருக்கும் கீழே இருக்கும் அது, அந்த சில நாட்களில் ஏறத்தாழ 4,700 கோடி டாலர் ஆனது. காகிதம் நகராமல் பணம் மட்டும் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. 2003 அக்டோபர் 28ல் 'செக் 21' சட்டம் கையெழுத்தாகி, சரியாக ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. செக்கின் படத்தை அனுப்பி, சேரும் ஊரில் அதை மறுபடி காகிதத்தில் அச்சிட்டால், அந்த 'மாற்று செக்' சட்டப்படி மூல செக்குக்குச் சமம். படத்தை நேரடியாக ஏற்காத பேங்குக்காக, படத்தைத் திரும்பக் காகிதமாக்கும் வேடிக்கை இது. ஆனாலும் வேலை செய்தது. 2003ல் ஃபெடரல் ரிசர்வுக்குச் செக் பரிசீலனை மையங்கள் 45. 2010 ஆரம்பத்தில் காகித செக்குக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

நாம் அமெரிக்காவுக்கு முன்னாலேயே சட்டம் போட்டுவிட்டோம் என்பது பலருக்குத் தெரியாது. 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை 2002ல் திருத்தினார்கள், 2003 பிப்ரவரி 6 முதல் அமல். செக் என்பதன் இலக்கணத்திலேயே, நடுவழியில் காகிதம் நிறுத்தப்பட்டு மின்படமாகப் போகும் செக்கும் சேர்க்கப்பட்டது. நடைமுறைக்கு வரத்தான் நாள் ஆனது. டெல்லியில் 2008 பிப்ரவரி 1, சென்னையில் 2011 செப்டம்பர் 24, மும்பையில் 2013 ஏப்ரல். சென்னை மையம் தமிழ்நாட்டுக்கு மட்டும் இல்லை. கேரளா, கர்நாடகா, ஆந்திராவில் ஆரம்பித்து மேற்கு வங்காளம், அஸ்ஸாம் வரை அதன் எல்லைக்குள் வந்தன. வெளியூர் செக் என்றால் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் காத்திருந்த வியாபாரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பா வயதுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 4 முதல் மொத்தமாக அனுப்புவதும் போய், ஸ்கேன் ஆக ஆக படம் தொடர்ச்சியாகப் போகும் முறை வந்துவிட்டது.

நம் சி.டி.எஸ். முறையில் ஒரு செக்குக்கு மூன்று படங்கள். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று, முன்பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. வெளிர் மையில் கையெழுத்துப் போட்டால் அது 'வெள்ளை' என்று முடிவாகி மறைந்து போகலாம். அதனால்தான் கரும் மையில் எழுதுங்கள் என்கிறார்கள். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் நம் தாத்தா காலத்து வழக்கமும் இதனால்தான் போயிற்று. தேதியைச் சரிசெய்வதைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் படமாக வரும் செக்கில் செல்லாது. அது நேர்மையான திருத்தமா, திருட்டுத் திருத்தமா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பொறுப்பு சத்தமில்லாமல் கை மாறியிருக்கிறது. முன்பு பணம் கொடுக்கும் பேங்கின் கிளார்க் செக்கைக் கையில் வாங்குவார், தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பார்ப்பார், புற ஊதா விளக்கில் காட்டுவார். இப்போது அவரிடம் வருவது படம் மட்டும். காகிதம் இருப்பது வசூலுக்குப் போட்ட பேங்கில். அதனால் சட்டமும் மாறியது. செக்கின் உண்மைத்தன்மையை மேலோட்டமாகத் தெரியக்கூடிய அளவுக்குச் சோதிக்கும் கடமை செக்கை வாங்கிப் போடும் பேங்குக்கு என்று 131ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள். பணம் கொடுக்கும் பேங்குக்கு நியாயமான சந்தேகம் வந்தால் மூல செக்கையே கேட்கலாம் என்று 64ஆம் பிரிவில் சேர்த்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு வந்த 'பாசிட்டிவ் பே' வசதியும் இதே ஓட்டையை அடைக்கத்தான். செக் எழுதியவரே தேதி, பெயர், தொகையை முன்கூட்டி பேங்குக்குச் சொல்லிவிடுகிறார். அதாவது படத்தை மட்டும் நம்ப முடியாது என்று ஒப்புக்கொண்டு, பழையபடி ஆளிடமே கேட்கிறோம்.

படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2013ல் ஒரு சம்பவம். டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் அலுவலக இயந்திரத்தில் ஸ்கேன் செய்ததைப் பார்த்தார். மூன்று அறைகள், மூன்று வெவ்வேறு பரப்பளவுகள். ஸ்கேன் ஆன படத்திலோ மூன்றுமே 14.13 சதுர மீட்டர்! படம் கலங்கவில்லை, மங்கவில்லை. பளிச்சென்று, தெளிவாக, தவறான எண். காரணம், 'ஜேபிக் 2' என்ற சுருக்க முறை. ஒரே மாதிரி இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். 6க்கும் 8க்கும் வித்தியாசம் போதவில்லை என்று அது முடிவு செய்தால், 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. 1997 விதியில் 'வேறொன்றாக மயங்காமல்' என்று ஒரு தகுதி இருந்ததே, அது வெட்டி வேலை இல்லை என்று இப்போது தெரிகிறதா? மங்கலான படம் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். இது காட்டாது. ஒரு இன்வாய்ஸில் 65,000 என்பது 85,000 ஆக மாறி, லெட்ஜரோடு இணைந்து, காகிதமும் கிழிக்கப்பட்டுவிட்டால் எந்த ஆடிட்டரால் கண்டுபிடிக்க முடியும்? (சி.டி.எஸ். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பயன்படும் குரூப் 4 முறை ஒரு புள்ளியையும் மாற்றாது. எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் புள்ளியாக மட்டும் பார்ப்பதால் அதற்கு இந்த வியாதி கிடையாது. பழசுதான், ஆனால் யோக்கியன்.)

நம் கம்பெனிச் சட்டம் 2013ன் 128ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் குறைந்தது எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. மென்பொருளில் யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு அமலில் இருக்கிறது. பதிவை மாற்றினால் தடம் இருக்கும். பதிவோடு இணைத்த படம் சரியான படமா என்பதைக் காகிதத்தை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

செக் விஷயத்தில் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் தன் பேங்கைத்தான் சொல்வார்கள். அங்கே இல்லை. நீங்கள் யாருக்கு செக் கொடுத்தீர்களோ, அவர் வசூலுக்குப் போட்ட பேங்கில் இருக்கிறது. அவர்கள் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். கையெழுத்து என்னுடையது இல்லை என்று நாளை நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், உங்கள் பேங்க் சான்றளித்த படத்தைத் தரும். மூலம் வேண்டுமென்றால் அந்த இன்னொரு பேங்கிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.